மூளையைத் தாக்கும் சர்க்கரை வியாதி

(தொழிற்சங்க வகுப்பொன்றில் ஆற்றிய உரை)

சர்க்கரை வியாதி என்றதும் ஆறாத கால் புண்தான் நம் மக்களுக்கு நினைவு வருகிறது. கண் மங்கும், சிறுநீரகம் கெடும் என்பதும் பலருக்குத் தெரியும். இந்த வியாதி மூளையையும் தாக்குகிறது என்பதை நாம் போதிய அளவு பேசுவதில்லை. இன்று அதைப் பற்றியே பேச விரும்புகிறோம்.

இது பணக்காரர் வியாதி என்ற பேச்சு இனிச் செல்லாது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் ஆய்வு 2023-ல் வெளியாயிற்று. நாட்டில் 10 கோடியே 10 லட்சம் பேருக்குச் சர்க்கரை வியாதி உண்டு. இன்னும் 13 கோடியே 60 லட்சம் பேர் அதன் வாசற்படியில் நிற்கிறார்கள் என்று அது கணக்கிட்டது. தமிழ்நாட்டில் வயது வந்தோரில் 100-க்கு 14 பேருக்கு மேல் இந்த வியாதி இருக்கிறது. சுமை தூக்குபவரும் கட்டிட வேலை செய்பவரும் இதில் அடக்கம்.

மூளை நம் உடல் எடையில் 100-க்கு 2 பங்குதான். ஆனால் உடல் செலவிடும் சக்தியில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கை அது எடுத்துக் கொள்கிறது. அதன் முக்கிய எரிபொருள் ரத்தத்திலுள்ள சர்க்கரையே. அதைச் சேமித்து வைக்க மூளையில் போதிய இடமில்லை. மூளை ஓர் அன்றாடங்காய்ச்சி! ஆகவே சர்க்கரை மிஞ்சினாலும் கேடு, குறைந்தாலும் கேடு.

மிஞ்சினால் என்ன நடக்கிறது? ஆண்டுக்கணக்கில் ரத்தத்தில் சர்க்கரை அதிகமாக இருந்தால் ரத்தக் குழாய்களின் உட்சுவர் பழுதாகிறது. குழாய்கள் தடித்துக் குறுகுகின்றன. ரத்தக் கொதிப்பும் பீடியும் சேர்ந்தால் கேடு இன்னும் பெரிது. சர்க்கரை வியாதி உள்ளவருக்குப் பக்கவாதம் வரும் அபாயம் மற்றவர்களைப் போல் ஏறத்தாழ இரண்டு மடங்கு. முதுமையில் நினைவாற்றல் அழியும் மறதி நோயின் அபாயமும் கூடுகிறது. "வயதாகிவிட்டது, மறதி வரத்தான் செய்யும்" என்று சொல்லிச் சும்மா இருந்துவிடக் கூடாது. மறதி நோய்க்கு இட்டுச் செல்லும் 14 காரணங்களை 2024-ல் 'லான்செட்' மருத்துவ ஏட்டின் குழு பட்டியலிட்டது. சர்க்கரை வியாதி அவற்றுள் ஒன்று. இந்தக் காரணங்களையெல்லாம் நீக்க முடிந்தால், 100-க்கு 45 பேர் அளவுக்கு மறதி நோயைத் தடுக்கவோ தள்ளிப் போடவோ இயலும் என்று அக்குழு கூறுகிறது.

பக்கவாதத்தின் அடையாளங்களை ஒவ்வொருவரும் அறிந்திருக்க வேண்டும். வாய் ஒரு பக்கம் கோணும், ஒரு கை துவளும், பேச்சு குழறும். உடனே 108-க்குச் சொல்லுங்கள். ரத்தக் கட்டைக் கரைக்கும் ஊசியை நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். கை வைத்தியத்தில் அந்த நேரத்தைக் கழித்துவிடாதீர்கள்.

அடுத்து, சர்க்கரை குறைவது. இன்சுலினோ சிலவகை மாத்திரையோ எடுத்துக் கொண்டவர் உரிய நேரத்தில் சாப்பிடாவிட்டால் ரத்தச் சர்க்கரை 70-க்குக் கீழே இறங்கக் கூடும். வியர்க்கும், கை நடுங்கும், பிறகு பேச்சு தடுமாறும், நடை தள்ளாடும், காரணமின்றிக் கோபம் வரும். மேஸ்திரி என்ன நினைப்பார்? "குடித்துவிட்டு வந்திருக்கிறான்" என்பார். மெமோ வரும்! அந்தத் தொழிலாளிக்கு அப்போது வேண்டியது மெமோ அல்ல. மூன்று தேக்கரண்டி சர்க்கரை. அதைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்து, 15 நிமிடம் பார்த்து, தெளியாவிட்டால் மீண்டும் கொடுக்க வேண்டும். தெளிந்ததும் உணவு தர வேண்டும். நினைவு இழந்தவருக்கு வாயில் எதையும் ஊற்றக் கூடாது. ஆஸ்பத்திரிக்குத்தான் கொண்டு போக வேண்டும்.

நேரத்துக்குச் சாப்பிடு, நன்றாகத் தூங்கு, நட என்று டாக்டர் சொல்கிறார். சரியான யோசனைதான். ஆனால் தொழிலாளியின் நேரம் யார் கையில் இருக்கிறது? 12 மணி நேர வேலைக்கு வழிவிடும் மசோதா 2023 ஏப்ரலில் தமிழகச் சட்டமன்றத்தில் நிறைவேறியது. தொழிற்சங்கங்கள் ஒன்றுபட்டு எதிர்த்தன. மே தினத்தன்று, அதைத் திரும்பப் பெறுவதாக முதலமைச்சர் அறிவித்தார். சாப்பாட்டு வேளையையும் தூக்கத்தையும் காத்த போராட்டம் அது. ஆகவே, தொழிலாளியின் மூளையைக் காத்த போராட்டமும் அதுவே.

மருந்தின் கதையும் இப்படித்தான். 1921-ல் கனடாவின் டொரண்டோவில் இன்சுலினைக் கண்டுபிடித்த விஞ்ஞானிகள் அதன் காப்புரிமையைத் தலைக்கு ஒரு டாலருக்குப் பல்கலைக்கழகத்திடம் ஒப்படைத்தார்கள். அது மக்கள் சொத்தாக வேண்டும் என்பதே அவர்கள் நோக்கம். ஆனால் உலக இன்சுலின் சந்தையின் பெரும் பகுதி இன்று மூன்றே கம்பெனிகளின் பிடியில் இருக்கிறது!

2021-ல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் வீட்டு வாசலுக்கே மாத்திரை கொண்டு வந்தது. அதை வரவேற்கிறோம். அதோடு நின்றுவிட முடியாது. நாம் கோருவது இவை:

ஒவ்வொரு வேலைத் தலத்திலும் முதலுதவிப் பெட்டியில் சர்க்கரையும், ரத்தச் சர்க்கரை பார்க்கும் கருவியும் இருக்க வேண்டும்.

இரவு ஷிப்டிலும் சாப்பாட்டு இடைவேளை தவறக் கூடாது.

தள்ளாடுபவருக்கு முதலில் ரத்தப் பரிசோதனை; விசாரணை பிறகு.

ஆரம்ப சுகாதார நிலையத்தில் இன்சுலின் "ஸ்டாக் இல்லை" என்ற பதிலே வரக் கூடாது.

தோழர்களே! இந்த மாதத்துக்குள் உங்கள் கிளையில் ஒவ்வோர் உறுப்பினரும் ரத்தத்தையும் ரத்த அழுத்தத்தையும் சோதித்துக் கொள்ள ஏற்பாடு செய்யுங்கள். வியாதி உள்ளவர் அதை மறைக்க வேண்டியதில்லை. பக்கத்தில் நின்று வேலை செய்யும் தோழருக்கு அது தெரிந்திருப்பதே பாதுகாப்பு. உழைப்பவனின் கையை மட்டுமல்ல, அவன் சிந்தனையையும் காப்பது சங்கத்தின் கடமை!