ஊற்று, செறிப்பு, உதிர்ப்பு
(புதுவயலில் மகாவீரர் பிறந்தநாள் விழாவில் ஆற்றிய உரை)

 

கெட்டுப்போன இயற்கையை இனி மீட்க முடியுமா என்பது இன்று எனக்கு அளிக்கப்பட்டுள்ள பொருள். முடியும் என்று மட்டும் சொன்னால் அது பொறுப்பற்ற ஆறுதல். முடியாது என்று மட்டும் சொன்னால் அது கடமையிலிருந்து நழுவும் வழி. இவ்விரண்டுக்கும் இடையே தெளிவான விடை நம் சமயத் தத்துவத்திலேயே இருக்கிறது.

ஒன்பது பதார்த்தங்களுள் ஊற்று, செறிப்பு, உதிர்ப்பு என்னும் மூன்றினையும் நாம் அறிவோம். வினை வந்து சேர்தல் ஊற்று. அது வரும் வழியை அடைத்தல் செறிப்பு. சேர்ந்ததைத் தவத்தால் கழித்தல் உதிர்ப்பு. இதற்கு ஓட்டைப் படகை உவமை கூறுவர். ஓட்டையை அடைக்காமல் நீரை இறைப்பவன் கரை சேரான். ஓட்டையை அடைத்தபின்னும் உள்ளே புகுந்த நீரை இறைத்தே ஆக வேண்டும்.

காற்று மண்டலத்தின் நிலையும் இதுவே. தொழிற்புரட்சிக்கு முன் பத்து லட்சம் பங்கு காற்றில் ஏறத்தாழ 280 பங்காக இருந்த கரியமில வாயு, இன்று 420 பங்கைக் கடந்துவிட்டது. நிலக்கரியும் எண்ணெயும் எரியும்வரை ஊற்று ஓயாது. உமிழ்வு நிகர அளவில் நின்றுவிட்டால் புவி மேலும் வெப்பமடைவது பெரும்பாலும் நின்றுவிடும் என்பது அறிவியலார் முடிவு. ஆயினும் சேர்ந்துவிட்ட வாயு பல நூற்றாண்டுகள் தங்கும். கடல்மட்டமும் நெடுங்காலம் உயர்ந்துகொண்டிருக்கும். செறிப்பு நம் தலைமுறையில் இயலும். உதிர்ப்பு பல தலைமுறைகளின் தவம்.

செறிப்பினால் பயன் உண்டா என ஐயுறுவோர் ஓசோன் படலத்தை எண்ணிப் பார்க்கலாம். அதனை அரித்த வேதிப்பொருள்களைக் கைவிட 1987இல் மாண்ட்ரியல் நகரில் உலக நாடுகள் உடன்பட்டன. அப்படலம் இப்போது மெல்லத் தேறி வருகிறது. அண்டார்டிகாவின் மேல் அது 1980ஆம் ஆண்டின் நிலையை 2066 அளவில் எய்தும் என்று ஐக்கிய நாடுகள் அவையின் மதிப்பீடு கூறுகிறது.

எனினும், எக்காலத்தும் உதிர்க்க இயலாத வினைகளும் உண்டு. வெட்டப்பட்ட மலை மீண்டும் வளராது. மேலூரை அடுத்த அரிட்டாபட்டியில் தீர்த்தங்கரர் புடைப்புச் சிற்பமும், தமிழிக் கல்வெட்டும், நம் முனிவர் தவமிருந்த குகைத்தளமும் உள்ளன. 2022இல் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அது அறிவிக்கப்பட்டது. 2024இல் அப்பகுதியை உள்ளடக்கி டங்ஸ்டன் சுரங்கத்துக்கு ஏலம் விடப்பட்டபோது, ஊர் மக்கள் திரண்டெழுந்தனர். சட்டமன்றமும் எதிர்த்துத் தீர்மானம் இயற்றியது. 2025 சனவரியில் மத்திய அரசு அந்த ஏலத்தை நீக்கியது. அம்மலையைக் காத்தவர்களுள் பெரும்பாலோர் நம் சமயத்தவர் அல்லர். நாம் நன்றியோடு நினைக்க வேண்டிய செய்தி இது.

இனி, நம் கையால் மீட்கத்தக்கவை. செட்டிநாட்டு முன்னோர் பேராறு இல்லாத இச்சீமையில் மழையை நம்பியே ஊர் அமைத்தனர். முற்றத்தில் விழுந்த மழைநீரை அண்டாக்களில் பிடித்தனர். ஊர் மழையை ஊருணியில் சேர்த்தனர். இன்று வரத்துக்கால்கள் தூர்ந்தும், கண்மாய்களில் சீமைக்கருவேல் மண்டியும் கிடக்கின்றன. தூர்ந்த கால்வாயைத் திறந்து கருவேலை வேரோடு அகற்றினால், நல்ல மழை பெய்யும் ஆண்டிலேயே நீர் திரும்பும்.

நம் இல்லங்களில் குடிநீரை வடிகட்டியபின், துணியில் தங்கிய சிற்றுயிர்களை அந்நீர் எடுத்த கிணற்றிலேயே சேர்ப்பது மரபு. அக்கிணறே வற்றிவிட்டால் அவ்வுயிர்களை எங்கே கொண்டுபோய் விடுவது? நீரையே உடலாகக் கொண்ட ஓரறிவுயிர்க்கும் இரங்கச் சொன்ன நெறி நம்முடையது. ஊருணியைக் காப்பதும் அந்தக் கொல்லாமை விரதத்தின் பகுதியே.

நம் மாவட்டத்துக் கொள்ளுக்குடிப்பட்டியைப் பாருங்கள். அங்குள்ள வேட்டங்குடி பறவைகள் சரணாலயத்துக்கு வரும் நாரைகளும் கரண்டிவாயன்களும் அஞ்சக் கூடாதென்று அவ்வூர் மக்கள் பல்லாண்டுகளாகத் தீபாவளிக்குப் பட்டாசு வெடிப்பதில்லை. பண்டிகை நாளில் பிள்ளைகளின் ஆசையையும் அடக்கிக் காக்கும் நோன்பு அது. சமணர் என்னும் பெயர் இல்லாமலே அவர்கள் அணுவிரதம் காக்கின்றனர். அப்பெயரைத் தாங்கிய நாம் அவர்களுக்குப் பின்தங்கலாமா?

ஆகவே மூன்று வேண்டுகோள்கள். முதலாவது, மிகுபொருள் விரும்பாமை என்னும் விரதத்தை வீட்டு மின்சாரத்துக்கும் வாகனத்துக்கும் துணிமணிக்கும் அளவிட்டுக் கொள்ளுதல். இரண்டாவது, அறக்கட்டளை விழாக்களில் நெகிழிப் புட்டியையும் பதாகையையும் அடுத்த ஆண்டு முதல் நீக்குதல். மூன்றாவது, ஒவ்வொரு குடும்பமும் தான் வாழும் ஊரின் நீர்நிலை ஒன்றின் வரத்துக்காலை ஆண்டுதோறும் மழைக்கு முன் தூர்வாரத் துணை நிற்றல்.

இழந்தவை அனைத்தும் திரும்பும் என்று நான் உறுதி கூறவில்லை. ஊற்றை அடைப்பது நம் கையில் உள்ளது. உதிர்ப்பைத் தொடங்குவதும் நம் கையில் உள்ளது. முடிவைக் காணாமலே தொடங்குவது தவத்தின் இயல்பு.

அருகன் அறம் ஓங்குக! எல்லா உயிரும் இன்புறுக!