பதவி ஏலமும் பெயர்ந்த ரோடும்

(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)



"பொதுவாழ்வில் தொண்டு" என்று தலைப்புக் கொடுத்தார்கள். சிவில் என்ஜினீயருக்கு இந்தத் தலைப்பு எதற்கு என்று முதலில் தோன்றியது. யோசித்தால், மக்கள் பணம் ரோடாக மாறுவதும், மாறாமல் போவதும் நம் கண் முன்னால்தானே நடக்கிறது!

பழம்பெருமை அதிகம் பேசப்போவதில்லை. 1963-ல் காமராஜர் முதலமைச்சர் நாற்காலியைத் தாமாகவே விட்டு இறங்கினார். பொதுப்பணித் துறை, உள்துறை என்று மந்திரி பதவி வகித்த கக்கன், பிற்காலத்தில் மதுரை அரசு ஆஸ்பத்திரியில் சாதாரண வார்டில் சிகிச்சைக்குப் படுத்திருந்தார். எத்தனை கோடி வேலைகள் அவர் கையைக் கடந்து போயிருக்கும்!

1992-ல் 73-வது சட்டத்திருத்தம் வந்தது. 1996-ல் தமிழ்நாட்டில் உள்ளாட்சித் தேர்தல் நடந்தது. ஊர்க்காரனே ஊரை ஆளலாம் என்று மகிழ்ந்தோம். ஆனால் 2019 தேர்தலின்போது சில ஊர்களில் தலைவர் பதவி ஏலம் போனதாகச் செய்தி படித்தோம். "கோயில் திருப்பணிக்குத்தானே பணம்" என்று சமாதானம் வேறு! பதவியை விலைக்கு வாங்கியவர் போட்ட முதலை எதிலிருந்து எடுப்பார்? மேல்மட்டமும் லேசுப்பட்டதல்ல. அதே 2019-ல் வேலூர் மக்களவைத் தேர்தலே பணப் பட்டுவாடா புகாரால் ரத்தானது. கட்சிகளுக்கு யார் பணம் கொடுத்தார்கள் என்று மக்களுக்குத் தெரியாமல் மறைத்த தேர்தல் பத்திரத் திட்டத்தை, 2024-ல் உச்ச நீதிமன்றம் செல்லாது என்று சொல்ல வேண்டி வந்தது.

அரசியல்வாதியை மட்டும் திட்டிவிட்டு நான் உட்கார்ந்தால் அது நேர்மையாகாது. படிப்பு முடித்த புதிதில் ஒரு காண்ட்ராக்டரிடம் சைட் என்ஜினீயராக இருந்தேன். ஒரு கிராமத்து ரோடு. ஜல்லி 75 மி.மீ. கனம் இருக்க வேண்டும். தோண்டிப் பார்த்தால் 50 கூட இல்லை. கேட்டேன். "தம்பி, கொடுக்க வேண்டியவங்களுக்குக் கொடுத்தது போக மிச்சத்துலதான் ரோடு" என்றார். பில்லில் 75 என்றே எழுதினேன். அடுத்த மழையிலேயே ரோடு பெயர்ந்தது. ஆறு மாதத்தில் அந்த வேலையை விட்டுவிட்டேன். ஆனால் அந்த ஊர்க்காரர்களிடம் போய் உண்மையைச் சொல்லவில்லை. இன்றுதான் முதன்முதலாக வெளியே சொல்கிறேன். அந்தக் கையெழுத்துக்கு இதே கல்லூரிப் பட்டம்தான் மதிப்புக் கொடுத்தது.

ஆகவே ஒரே ஒரு வேண்டுகோள். குடியரசு தினம், மே தினம், சுதந்திர தினம், காந்தி ஜயந்தி நாட்களில் கிராம சபை கூடும். 2022 முதல் மார்ச் 22, நவம்பர் 1 ஆகிய நாட்களும் சேர்ந்தன. வருஷத்தில் ஒரு நாளாவது சொந்த ஊர் சபைக்குப் போங்கள். வரவு செலவைப் படிக்கச் சொல்லுங்கள். எஸ்டிமேட்டைக் கேளுங்கள். ரோட்டின் கனத்தை அளந்து பார்க்க நமக்குத் தெரியும். தெரிந்தவனே வாயை மூடிக்கொண்டால் தெரியாதவர் யாரைக் கேட்பார்?

தம்பி தங்கைகளே, நாளை உங்கள் முன்னாலும் ஒரு பில் வரும். அளந்ததை மட்டும் எழுதுங்கள். அதுவும் பொதுத்தொண்டுதான்.