தட்டில் தெரியும் வளையம்
(ஆதரவாளர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



குற்றால சீசனுக்குத் தென்காசி வழியாக வருகிறவர்கள் அருவியில் குளிப்பதோடு, கண்ட இடத்துத் தண்ணீரையும் குடித்துவிடுகிறார்கள். பிறகு காய்ச்சல் விடாமல் அடித்தால் டைபாய்டோ என்று சந்தேகிக்கிறோம். முதலில் இரத்தம் எடுக்கிறோம். அதன்பின்பே மருந்து தொடங்குகிறோம்.

இரத்தத்தில் வளர்ந்த கிருமியைத் தட்டில் பரப்பி, மருந்து தோய்ந்த சிறு காகித வில்லைகளை அதன்மேல் வைத்து, ஓர் இரவு 35 டிகிரி சூட்டில் விடுகிறோம். மருந்துக்கு அடங்கும் கிருமி வில்லையைச் சுற்றி வளராது. தெளிந்த வளையம் தெரியும். அதை மில்லிமீட்டரில் அளக்கிறோம். வளையம் இல்லையென்றால் அந்த மருந்தை மாற்றுகிறோம்.

இது ஏன் அவசியம்? 1948 முதல் டைபாய்டைக் குணமாக்கிய மருந்து குளோராம்பெனிக்கால். 1972-ல் மலைக்கு அப்பால் கோழிக்கோட்டில் அதற்கு அடங்காத கிருமி பரவியது. பின்னர் வந்த சிப்ரோபிளாக்சசினும் இன்று பெரும்பாலும் பலிப்பதில்லை.

முடிவு வரச் சில நாட்களாகும். ஆனால் கடையில் நாலு மாத்திரை வாங்கி விழுங்கிவிட்டு வருகிறவரின் இரத்தத்தில் கிருமி வளராமலே போகலாம். அப்போது எந்த மருந்து கேட்கும் என்று தட்டு எங்களுக்குச் சொல்லாது.

ஆகையால் உங்கள் காணிக்கையோடு இதையும் கேட்கிறோம்: சோதனைக்கு முன் மாத்திரை வேண்டாம், எழுதித் தந்ததைப் பாதியில் நிறுத்த வேண்டாம் என்று உங்கள் சபையில் சொல்லுங்கள்.