இறைவழி நாடலும் இளைஞர் கடமையும்

(வெள்ளி விழாவையொட்டி நடைபெற்ற இளைஞர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



வாழ்வின் முக்கியமான முடிவுகளை எடுக்கும் முன் இறைவனிடம் வழி கேட்டு வேண்டுதல் செய்வது பற்றிச் சில சொற்கள் கூறுமாறு விழாக் குழுவினர் பணித்துள்ளனர். கல்விக் கழகத்தின் மேடையில் இத்தலைப்பு எதற்கு என்று சிலர் எண்ணலாம். சற்றே சிந்தித்தால் பொருத்தம் விளங்கும். எந்தப் படிப்பில் சேர்வது, எந்த வேலையை ஏற்பது, யாரை மணப்பது, ஊரிலேயே தங்குவதா, வெளியூர் செல்வதா என்னும் வினாக்களெல்லாம் பெரும்பாலும் பதினைந்து வயதிற்கும் இருபத்தைந்து வயதிற்கும் இடையே வந்து நிற்கின்றன. கல்வி நம் முன்னே பல வழிகளைத் திறந்து வைக்கிறது. அவற்றுள் எதில் நடப்பது என்பதை நாமே முடிவு செய்தாக வேண்டும்.

நம் மக்களுக்கு இம்முடிவுகள் பிறர்க்கு இருப்பதைவிடக் கனமானவை. நிலமும் நகையும் உள்ள குடும்பத்தில் ஒரு முடிவு பிசகினால் மறுமுறை முயல்வதற்குக் கைப்பொருள் உண்டு. கடன் வாங்கிப் பிள்ளையைக் கல்லூரியில் சேர்க்கும் கூலிக் குடும்பத்தில் ஒரு முடிவு பிசகினால், அந்தப் பிள்ளையின் பின்னே வரும் தம்பி தங்கையரின் படிப்பும் நின்றுபோகிறது. ஆதலால் அவசரமும் ஆசையும் அச்சமும் நம்மை இழுத்துச் செல்ல விடாமல், நின்று நிதானித்து, நம்மிலும் மேலான ஒரு பேரறிவின்முன் நம் மனத்தைத் திறந்து வைத்து முடிவெடுக்கும் பழக்கம் நமக்குத் தேவை.

இங்கே இளைஞர்களின் உள்ளத்தில் ஓர் ஐயம் எழும் என்பதை நாம் அறிவோம். “எல்லாம் ஆண்டவன் விட்ட வழி” என்று சொல்லிச் சொல்லித்தானே நம்மைத் தலைமுறை தலைமுறையாக அடக்கி வைத்தார்கள்? சேரியில் பிறந்தது முன்வினைப் பயன், கூலிக்கு உழைப்பது தலையெழுத்து, படிப்பு உனக்கு விதிக்கப்படவில்லை என்றெல்லாம் ஓதியவர்களும் இறைவன் பெயரைத்தானே சொன்னார்கள்? இந்த ஐயம் நியாயமானது. அதற்கு விடை கூறாமல் இறை நம்பிக்கையைப் பற்றிப் பேசுவது நம் மக்களுக்குச் செய்யும் நேர்மையாகாது.

விதிக்குத் தலை வணங்குவது வேறு. இறைவனிடம் வழி கேட்பது வேறு. முன்னது, மனிதர் இழைத்த அநீதியை இறைவனின் சித்தம் என்று ஏற்றுக்கொண்டு உட்கார்ந்து விடுகிறது. பின்னது, இந்த அநீதியின் நடுவே நாம் செய்யத்தக்கது யாது என்று கேட்டு எழுந்து நடக்கிறது. இவ்வேறுபாட்டை விளக்க, நம்மைப் போலவே பிறப்பின் பெயரால் ஒதுக்கப்பட்ட மற்றொரு மக்களின் வரலாற்றைச் சிறிது காண்போம்.

அமெரிக்கக் கறுப்பின மக்களின் தலைவர் மார்ட்டின் லூதர் கிங் 1959-ஆம் ஆண்டு இந்தியாவிற்கு வந்தார். திருவனந்தபுரத்தில் நம் இனப் பிள்ளைகள் பயிலும் ஒரு பள்ளிக்குச் சென்றபோது, தலைமையாசிரியர் அவரை அமெரிக்காவிலிருந்து வந்துள்ள மற்றொரு தீண்டத்தகாதவர் என்று மாணவர்க்கு அறிமுகம் செய்தாராம். முதலில் திடுக்கிட்டதாகவும், தம் மக்களின் நிலையை எண்ணிப் பார்த்தபின் அது உண்மையே என ஏற்றதாகவும் 1965-இல் ஆற்றிய ஓர் அருளுரையில் கிங் கூறினார். அந்த உறவின் உரிமையோடு, அம்மக்களின் கல்விக்கு உழைத்த ஓர் அன்னையின் வாழ்வை உங்கள்முன் வைக்கிறோம்.

மேரி மெக்லியோட் பெத்தூன் 1875-ஆம் ஆண்டு தென் கரோலினா மாநிலத்தில் மேஸ்வில் என்னும் சிற்றூரை அடுத்துப் பிறந்தார். பெற்றோர் இருவரும் அடிமைகளாய் இருந்து விடுதலை பெற்றவர்கள். பதினேழு பிள்ளைகளுள் இவர் பதினைந்தாமவர். சிறுமியாய் இருந்தபோது, தாயார் சலவைக்குச் செல்லும் வெள்ளையர் வீட்டில் ஒரு நூலைக் கையில் எடுத்தார். அவ்வீட்டுச் சிறுமி, உனக்குத்தான் படிக்கத் தெரியாதே, கீழே வை என்றாள். அச்சொல் அவர் நெஞ்சில் தைத்தது. பின்னர் அவ்வூரில் திருச்சபைப் பள்ளி ஒன்று தொடங்கப்பட்டபோது, நாள்தோறும் சுமார் ஐந்து மைல் நடந்து சென்று பயின்றார். பகலில் கற்றதை மாலையில் வீட்டாருக்கும் அயலாருக்கும் சொல்லிக் கொடுத்தார்.

மேற்படிப்பிற்கு வழியில்லை. அவர் மீண்டும் பருத்திக் காட்டிற்குச் சென்றார். அந்நாளில் டென்வர் நகரில் தையல் தொழில் செய்து வந்த ஒரு பெண்மணி, தாம் சேமித்த பணத்தில் ஒரு கறுப்பினச் சிறுமியைப் படிக்க வைக்க முன்வந்தார். அந்த உதவி தமக்குக் கிடைத்ததைக் கேட்டதும் பருத்திக் காட்டிலேயே முழந்தாளிட்டு இறைவனுக்கு நன்றி கூறியதைப் பிற்காலத்தில் மேரி நினைவுகூர்ந்திருக்கிறார். 1888 முதல் 1894 வரை வட கரோலினாவில் பெண்கள் விடுதிப் பள்ளியொன்றில் பயின்றார். பிறகு சிகாகோ நகரின் மூடி வேதாகமப் பள்ளியில் ஓராண்டு பயிற்சி பெற்றார். ஆப்பிரிக்காவிற்குச் சென்று இறைப்பணி செய்ய வேண்டும் என்பதே அவர் தம் இளமையெல்லாம் சுமந்து வந்த வேண்டுதல்.

பயிற்சி முடிந்தது. பிரெஸ்பிட்டேரியன் திருச்சபையின் மிஷன் வாரியத்திற்கு விண்ணப்பித்தார். ஆப்பிரிக்காவில் கறுப்பினப் பணியாளர்க்கு இடமில்லை என்று விடை வந்தது. கறுப்பின மக்களின் நாட்டில் பணியாற்றக் கறுப்பினப் பெண்ணுக்கு இடமில்லை! தம் வாழ்வில் அடைந்த ஏமாற்றங்களுள் இதுவே பெரிது என்று அவர் பின்னாளில் கூறினார்.

இளைஞர்களே, இந்த இடத்தில் சற்று நில்லுங்கள். அக்கதவை அடைத்தது இறைவனா? இல்லை. நிறவெறி கொண்ட மனிதரின் ஏற்பாடே அடைத்தது. அநீதியை அநீதி என்றே சொல்ல வேண்டும். அதற்கு இறை சித்தம் என்று பெயர் சூட்டுதல் தகாது. ஆயினும் அவ்வன்னை அடைபட்ட கதவின்முன் அமர்ந்து அழுதே காலத்தைப் போக்கவில்லை. இனி எங்கே செல்வது என்று கேட்டார். ஜார்ஜியா மாநிலத்தின் அகஸ்டா நகரில், லூசி லேனி என்னும் கறுப்பினப் பெண்மணி நடத்திய பள்ளியில் ஆசிரியரானார். அங்கே தெருவில் திரிந்த பிள்ளைகளைக் கண்டபோது, தம் பணிக்களம் கடல் கடந்த நாட்டில் இல்லை, தாம் பிறந்த மண்ணிலேயே இருக்கிறது என்று தெளிந்தார். கேட்ட வரம் கிடைக்கவில்லை. கேட்டதன் உட்பொருளாகிய தொண்டு வேறு வடிவில் கிடைத்தது.

1904-ஆம் ஆண்டு அக்டோபரில் புளோரிடா மாநிலத்தின் டேடோனாவில் அவர் பள்ளி தொடங்கினார். கையில் இருந்தது ஒன்றரை டாலர். மாணவியர் ஐவர், உடன் தம் மகன். பெட்டிப் பலகைகளே மேசைகள், எரிந்த மரத்துண்டே எழுதுகோல், பழச்சாறே மை. இருப்புப்பாதை வேலையாட்களுக்குச் சர்க்கரைவள்ளிக் கிழங்குப் பணியாரம் செய்து விற்றுச் செலவுக்குப் பணம் திரட்டினார். குப்பை கொட்டும் நிலம் ஒன்றை ஐந்து டாலர் முன்பணம் கொடுத்து வாங்கினார். செல்வர் ஜேம்ஸ் காம்பிள் பள்ளியைக் காண வந்து, பள்ளி எங்கே என்று கேட்டபோது, அது தம் உள்ளத்தில் இருக்கிறது என்றும், அந்தக் கனவிற்கே அவரை அறங்காவலராய் அழைப்பதாகவும் மேரி விடையளித்தாராம். காம்பிளும் இசைந்தார். 1907-இல் அக்குப்பை மேட்டில் எழுந்த கட்டடத்திற்கு ‘நம்பிக்கை மண்டபம்’ என்று பெயரிட்டார்கள். அப்பள்ளி 1923-இல் மற்றொரு கல்வி நிலையத்தோடு இணைந்து கல்லூரியாய் வளர்ந்தது. 2007 முதல் பல்கலைக்கழகமாய் விளங்குகிறது. 1955-இல் அவர் மறைந்தார். 2022-ஆம் ஆண்டு, அமெரிக்க நாடாளுமன்றக் கட்டடத்தில், புளோரிடா மாநிலத்தின் சார்பில் அவருடைய சிலை நிறுவப்பட்டது.

அவர் முழந்தாளிட்டதோடு நின்றிருந்தால் பள்ளி எழுந்திராது. பணியாரம் விற்றதோடு நின்றிருந்தாலோ, ஐந்து பிள்ளைகளோடு மனம் சோர்ந்திருக்கக்கூடும். வேண்டுதல் அவருக்குத் திசை காட்டியது. உழைப்பு அத்திசையில் அடி எடுத்து வைத்தது. நம் நாட்டிலும் இத்தகையோர் உண்டு. நம் இனத்தில் தோன்றிய துறவி சுவாமி சகஜானந்தர் சிதம்பரத்தில் 1916-ஆம் ஆண்டு நந்தனார் கல்விக் கழகத்தை நிறுவினார். இறைநெறி பூண்டவர் கோயில் வாயிலோடு நின்றுவிடாமல், நம் பிள்ளைகளின் பள்ளி வாயிலைத் திறந்து வைத்தார்.

முடிவெடுத்த பின்னும் அச்சம் வருவதுண்டு. மேலே கூறிய கிங், மாண்ட்கமரி நகரில் பேருந்துப் புறக்கணிப்பை நடத்தி வந்தபோது, 1956 சனவரி இறுதியில் ஓரிரவு தொலைபேசியில் கொலை மிரட்டல் வந்தது. வீட்டில் மனைவியும் கைக்குழந்தையும். அவருக்கோ வயது இருபத்தேழு. உறக்கமின்றி அடுக்களை மேசையின்முன் அமர்ந்து, தம் வலிமை தீர்ந்துவிட்டதென்று இறைவனிடம் வாய்விட்டுச் சொன்னார். நீதிக்காக உறுதியாய் நில் என்னும் அழைப்பை உள்ளத்தே உணர்ந்ததாக அவரே எழுதியுள்ளார். சில நாட்களில், சனவரி 30-ஆம் நாள், அவர் வீட்டின்மேல் வெடிகுண்டு வீசப்பட்டது. சினந்து திரண்ட மக்களை அமைதியாய் வீடு திரும்பச் சொன்னார். 381 நாட்கள் நீடித்த போராட்டம் வென்றது. வேண்டுதல் வெடிகுண்டைத் தடுக்கவில்லை. அதன்முன் நிலைகுலையாத நெஞ்சைத் தந்தது.

இக்கூட்டத்தில் இறைவேண்டுதலில் பற்றில்லாத தோழர்களும் இருக்கலாம். அண்ணல் அம்பேத்கரின் வழியில் பௌத்தம் தழுவியோரும் இருக்கலாம். அவர்களும் இவ்வுரையில் கொள்ளத்தக்கது உண்டு. 1935 அக்டோபர் 13-இல் இயோலா மாநாட்டில், இந்துவாகச் சாகமாட்டேன் என்று அறிவித்த அண்ணல், 1956 அக்டோபர் 14-இல்தான் நாகபுரியில் பௌத்தம் ஏற்றார். இடையே இருபத்தோராண்டுகள். படைத்த கடவுளிடம் வேண்டி அவர் முடிவெடுத்தார் என்று நாம் கூறவில்லை; அது உண்மையாகாது. சமயங்களை ஆராய்ந்து, தம் மக்கள் அனைவரின் நன்மையையும் சீர்தூக்கி, காலம் கனியுமட்டும் பொறுத்திருந்தார் என்பதையே சொல்கிறோம். வேண்டுதல் செய்வோரும் அந்த ஆராய்ச்சியையும் பொறுமையையும் அண்ணலிடமிருந்து கற்க வேண்டும்.

இனி, நடைமுறைக்கு உகந்தவை சிலவற்றைக் கூறி அமைகிறோம்.

முதலாவது, குறிகேட்பதை வேண்டுதல் என்று மயங்காதீர்கள். சிவப்புப் பூவும் வெள்ளைப் பூவும் பொட்டலம் கட்டிப் போட்டுப் பார்ப்பது, கண்ணை மூடி வேதப் புத்தகத்தைத் திறந்து விரல் பட்ட வரியை விடையாகக் கொள்வது, சோதிடரிடம் ஓடுவது ஆகியவை முடிவெடுக்கும் பொறுப்பைப் பிறர் தலையில் சுமத்தும் வழிகள். இறைவன் அறிவைத் தந்தது பயன்படுத்துவதற்கே.

இரண்டாவது, முடிவை முன்னரே செய்துகொண்டு, அதற்கு இறைவனின் கையொப்பம் கேட்காதீர்கள். எனக்கு இது கிடைக்க வேண்டும் என்பதோடு, இதனால் என் வீட்டிற்கும் என் தெருவிற்கும் என்ன நேரும் என்றும் கேளுங்கள். தன்னலத்தைத் தன்னலம் என்று காட்டிக் கொடுப்பது வேண்டுதலின் முதற்பயன்.

மூன்றாவது, கேட்டறியத்தக்கவற்றைக் கேட்டறியுங்கள். கல்லூரியின் தரம், உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கும் கடைசி நாள், வேலையின் நிபந்தனை, மணம் பேசும் குடும்பத்தின் நடத்தை ஆகியவற்றை விசாரித்து அறிவது நம் கடமை. விண்ணப்பத்தை அனுப்பாதவனுக்கு இடம் கிடைக்கவில்லையென்றால் அதற்கு இறைவன் பொறுப்பாகான். நம் நன்மை நாடும் மூத்தோர் இருவர் மூவரிடமாவது கலந்து பேசுங்கள். வள்ளுவர் ‘தெரிந்து செயல்வகை’ என ஓர் அதிகாரமே வகுத்திருப்பதை மறவாதீர்கள்.

நான்காவது, பெற்றோர்க்கு ஒரு சொல். பெண்ணுக்குக் கல்லூரியில் இடம் கிடைத்த வாரத்தில் வரனும் வந்து நிற்பது நம் வீடுகளில் வழக்கம். உறவினரின் நெருக்குதலுக்கு இணங்கிப் படிப்பை நிறுத்திவிட்டு, ஆண்டவன் விட்ட வழி என்று சொல்லாதீர்கள். அப்பெண்ணையும் அருகில் அமர்த்தி, குடும்பமாய் வேண்டுதல் செய்து, அவள் வாயால் அவள் விருப்பத்தைக் கேளுங்கள். யாருடைய வாழ்வைப் பற்றிய முடிவோ, அவருடைய குரல் இல்லாமல் கேட்கும் வழி இறைவழி ஆகாது.

இவ்வளவும் செய்தபின் தெளிந்த வழியில் துணிந்து செல்லுங்கள். இடையில் கதவுகள் அடைபடலாம். அடைத்தவர் யார் என்று அறிந்து அவ்வநீதியை எதிர்த்து நில்லுங்கள். அதே வேளையில் அடுத்த அடி எங்கே என்று இறைவனைக் கேளுங்கள். இரண்டும் ஒருங்கே செய்யத்தக்கவை.

இருபத்தைந்து ஆண்டுகளுக்கு முன் இக்கழகத்தைத் தொடங்கிய பெரியோர்க்கும் எதிர்காலம் முன்கூட்டித் தெரிந்திருக்கவில்லை. நம் பிள்ளைகள் படிக்க வேண்டும் என்னும் ஒரே வேண்டுதலோடு தொடங்கினார்கள். இன்று இங்கு அமர்ந்திருக்கும் நீங்கள் அவர்தம் வேண்டுதலின் பலன். இன்னும் இருபத்தைந்து ஆண்டுகள் கழித்து இதே கழகத்தில் அமரப்போகும் பிள்ளைகளுக்கு, இன்று நீங்கள் எடுக்கும் முடிவுகள் பலனளிக்கட்டும் என்று வாழ்த்தி விடைபெறுகிறோம்.

வாழ்க கழகம்! வளர்க நம் மக்கள்!