ஓடற பிள்ளையை நிறுத்தாதீங்க

(ராஜகுளத்தில் நடந்த கூட்டமைப்பு ஆண்டு விழாவில் பேசியது)



போன வருஷம் இதே மேடையில் உள்கடன் பற்றிப் பேசினேன். இந்த வருஷம் ஓட்டம், மலையேற்றம், நெடுந்தூர நடை பற்றிப் பேசப் போறேன்னு சொன்னதும் பொருளாளர் அக்கா சிரிச்சிட்டாங்க. "நாம ஓடாத ஓட்டமா? காலையில நாலு மணியிலேருந்து ஓடிக்கிட்டுத்தானே இருக்கோம்" என்றார்கள். அக்கா சொன்னது உண்மை. நாள் முழுக்க குனிஞ்சு நடவு நடறோம். தலையில கட்டு சுமந்து வரப்புல நடக்கிறோம். தெம்பு நமக்குக் குறைச்சல் இல்ல. ஆனா அந்த ஓட்டமெல்லாம் அடுத்தவங்களுக்காக ஓடறது. நமக்காக, நம்ம ஆசைக்காக ஒரு அரைமணி நேரம் நடந்திருக்கோமா? அதைக் கேட்கத்தான் வந்திருக்கேன்.

முதல்ல என் வீட்டுக் கதையைச் சொல்லிடறேன். என் மூத்த பொண்ணு பள்ளிக்கூடத்துல 800 மீட்டர் ஓடுவா. வட்டார அளவுல ஜெயிச்சு, அடுத்த போட்டிக்குப் பேர் கொடுத்திருந்தாங்க. அப்பதான் அவ பெரியவளாகி நாலஞ்சு மாசம் ஆகியிருந்தது. டவுசர் போட்டு ஓடணும், வெளியூர் போகணும், திரும்ப இருட்டிடும். சொந்தக்காரங்க ஆளுக்கு ஒண்ணு சொன்னாங்க. நான் வேண்டாம்னுட்டேன். அவ அழல, சண்டை போடல. சட்டையில குத்தற நம்பர் துணியை மடிச்சு டிரங்குப் பெட்டியில வெச்சுட்டா. இன்னிக்கு அவளுக்குக் கல்யாணமாகி ரெண்டு பிள்ளைங்க. போன தீபாவளிக்கு வீடு ஒழிக்கிறப்ப அந்தத் துணி என் கையில கிடைச்சது.

அந்தத் துணியைப் பார்த்தப்ப, அமெரிக்காவில் நடந்த ஒரு சம்பவம் ஞாபகம் வந்தது. 1967-ல் பாஸ்டன் நகரத்து மாரத்தானில் கேத்ரின் ஸ்விட்சர் என்ற பெண் ஓடினார். மாரத்தான் என்றால் 42 கிலோமீட்டருக்கும் மேல். அன்றைக்கு அது ஆண்கள் ஓட்டம். பெயரின் முதலெழுத்துக்களை மட்டும் போட்டுப் பதிவு செய்திருந்ததால் 261 என்ற எண் கிடைத்தது. ஓடிக்கொண்டிருக்கும்போதே போட்டி நடத்துகிற ஒருவர் பாய்ந்து வந்து அந்த எண்ணைப் பிடுங்கப் பார்த்தார். அந்தம்மா விடவில்லை, ஓடி முடித்தார். அதற்குப் பிறகு 1972-ல்தான் அந்த ஓட்டத்தில் பெண்களை முறையாகச் சேர்த்தார்கள். ஒலிம்பிக்கில் பெண்களுக்கு மாரத்தான் வந்தது 1984-ல். பெண் உடம்பு தாங்காது என்று அதுவரை சொல்லிக்கொண்டே இருந்தார்கள்.

அங்கே நம்பரைப் பிடுங்க வந்தவர் யாரோ ஒரு ஆம்பளை. என் பொண்ணோட நம்பரைப் பிடுங்கினது நான்தான். அதை இந்த மேடையில் ஒத்துக்கறதுல எனக்கு வெட்கமில்ல.

நம்ம உத்திரமேரூர் கல்வெட்டு எல்லோருக்கும் தெரியும். பராந்தக சோழன் காலத்தில், ஆயிரத்து நூறு வருஷத்துக்கு முன்னால், குடத்தில் ஓலை போட்டு ஊர்ச்சபைக்கு ஆள் எடுத்த விதம் அதில் இருக்கிறது. வயது 35-க்கு மேல் 70-க்குள் இருக்கணும், சொந்த நிலம், சொந்த மனை இருக்கணும் என்று எல்லாம் எழுதியிருக்கிறது. அந்தக் குடத்தில் பெண் பேர் விழவில்லை. பெண்ணுக்கு அறிவில்லை என்பதாலா? இல்லை. விதி அப்படி இருந்தது. 2016-ல் விதியை மாற்றி உள்ளாட்சியில் பாதி இடம் பெண்களுக்கு என்று சட்டம் செய்தார்கள். இன்றைக்கு எத்தனை பெண்கள் தலைவர் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார்கள்! விளையாட்டும் அப்படித்தான். பெண்கள் வரவில்லை என்று குறை சொல்வதற்கு முன்னால், அவர்கள் வருகிற மாதிரி ஏற்பாடு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

ஏற்பாடு இருந்தால் பெண்கள் எப்படி வருவார்கள் என்பதற்கு நம்ம பக்கத்திலேயே சாட்சி உண்டு. சிவப்புப் புடவை கட்டி, மாலை போட்டு மேல்மருவத்தூருக்கு நடந்து போகிறவர்கள் எத்தனை பேர்! அறுபது வயசுப் பாட்டியும் போறாங்க. கூட்டமா போறோம், துணை இருக்கு. வழியில மோர் கொடுக்கிறாங்க. "ஏன் போறே"ன்னு வீட்டுல யாரும் கேட்கிறதில்ல. மாதவிலக்கு நாளிலும் கும்பிடலாம்னு அங்கே சொல்லிட்டதால அந்தப் பயமும் இல்ல. துணை, தண்ணி, வீட்டு சம்மதம், தீட்டு இல்லாமை, இந்த நாலும் கிடைச்சதும் நாம நடந்தே போயிட்டோம். கால் நம்ம காலேதான்.

நம்ம தமிழ்நாட்டிலிருந்து முதன்முதலில் எவரெஸ்ட் ஏறிய பெண் முத்தமிழ்ச்செல்வி. விருதுநகர் மாவட்டத்துக் கிராமத்தில் பிறந்தவர், ஜப்பானிய மொழி சொல்லிக் கொடுக்கிற ஆசிரியை, பிள்ளைகளைப் பெற்ற தாய். நம்ம மாவட்டத்து மலைப்பட்டு மலையில்தான் கண்ணைக் கட்டிக்கொண்டு 155 அடி கயிற்றில் இறங்கிக் காட்டினார். 2023 மே 23-ல் எவரெஸ்ட் உச்சியில் நின்றார். இந்தியாவிலிருந்து எவரெஸ்ட் ஏறிய முதல் பெண் பச்சேந்திரி பால். அவர் ஏறியதும் ஒரு மே 23-தான், 1984-ல். அந்த உச்சிக்கு நம்ம மாநிலத்துப் பெண் ஒருத்தி போய்ச் சேர 39 வருஷம் ஆகியிருக்கிறது.

உலகத்திலேயே முதலில் அங்கே ஏறிய பெண் ஜப்பானைச் சேர்ந்த ஜுன்கோ தாபே, 1975-ல். அவர் கதையை நம்ம சங்கக் கதை மாதிரியே கேட்கலாம். ஆண்கள் கூட ஏறுவதற்கு அலட்சியம் செய்ததால், 1969-ல் பெண்களுக்கென்றே ஒரு மலையேற்ற சங்கம் தொடங்கினார். எவரெஸ்ட் போகப் பணம் கேட்டபோது, வீட்டில் பிள்ளையைப் பார்த்துக்கொள் என்று சொன்னவர்கள் உண்டு. அவருக்கு அப்போது மூன்று வயதில் ஒரு பெண் குழந்தை. பியானோ வாத்தியம் சொல்லிக் கொடுத்துக் காசு சேர்த்தார். பழைய கார் சீட்டு உறையை வெட்டிக் கையுறை தைத்துக்கொண்டார்கள். மலையில் பனிச்சரிவு விழுந்து மூடிவிட்டது, கூட வந்த ஷெர்பாக்கள் தோண்டி எடுத்தார்கள். 12 நாள் கழித்து உச்சியில் நின்றார். பத்து ரூபாய் இருபது ரூபாயாகச் சேர்த்துச் சங்கம் நடத்துகிற நமக்கு இது புரியாதா?

இன்னொன்று, தெலங்கானாவில் மாலாவத் பூர்ணா. அப்பா அம்மா விவசாயக் கூலி. அரசு சமூக நல உண்டு உறைவிடப் பள்ளியில் படித்த பெண். பள்ளியே பயிற்சி, சாப்பாடு, செலவு எல்லாம் பார்த்துக்கொண்டது. 2014-ல் எவரெஸ்ட் ஏறியபோது 14 வயதுகூட நிறையவில்லை. ஆசை இருந்தால் மட்டும் போதாது, பின்னால் ஒரு கை தாங்க வேண்டும் என்பதற்காகச் சொல்கிறேன்.

எவரெஸ்ட் ஏற லட்சக்கணக்கில் செலவாகும். அது நம்மால் ஆகாது, வேண்டவும் வேண்டாம். ஆனால் ஏரிக்கரை இருக்கிறது. அதனால் ஒரு தீர்மானம் கொண்டு வந்திருக்கிறேன். வருஷத்துக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை, கூட்டமைப்பு சார்பில் பெண்களுக்கு மட்டும் ஏரிக்கரை ஓட்டமும் நடையும் நடத்தணும். எப்படி நடத்தணும்னும் சொல்லிடறேன்.

வெயில் ஏறுவதற்கு முன்னால் காலை ஆறு மணிக்குத் தொடங்கி ஏழரைக்குள் முடியணும். அன்றைக்கு ஒரு நாள் டீயும் டிபனும் வீட்டு ஆம்பளைங்க பார்த்துக்கட்டும். நுழைவுக் கட்டணம் கிடையாது. செலவுக்குச் சேமிப்புப் பணத்தைத் தொடக்கூடாது, நன்கொடைதான். புடவையோ, சுடிதாரோ, பேண்ட்டோ, அவரவர் விருப்பம். யாரும் யாரையும் சொல்லிக் காட்டக்கூடாது. பள்ளிக்கூடத்துக் கழிவறையை முன்கூட்டியே கேட்டு வாங்கித் திறந்து வைக்கணும். அங்கே நாப்கின் ஒரு பெட்டியில் இருக்கணும், யாரும் கேட்டு வாங்குகிற மாதிரி இருக்கக்கூடாது. கைக்குழந்தைக்காரி ஓடினால், ரெண்டு உறுப்பினர்கள் உட்கார்ந்து குழந்தையைப் பார்த்துக்கணும். அனுமதி இல்லாமல் எந்தப் பெண்ணையும் போட்டோ எடுத்துப் போடக்கூடாது. கடைசியில் வருகிறவங்க கூடவே நம்மில் ஒருத்தர் நடந்து வரணும். அப்போ கடைசி ஆள் என்று யாரும் இருக்க மாட்டாங்க. முடித்த எல்லோர் பேரையும் மைக்கில் படிக்கணும்.

ஒரு எச்சரிக்கையும் உண்டு. 2019-21-ல் எடுத்த தேசியக் குடும்ப நல ஆய்வில், தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் பாதிக்கு மேல் ரத்தசோகை என்று வந்திருக்கிறது. அதனால் ஓட்டத்துக்கு ஒரு மாசம் முன்பே ஆரம்ப சுகாதார நிலையத்தில் ரத்தம் பார்த்துக்கணும். குறைவாக இருந்தால் மாத்திரையும் கீரையும் எடுத்துக்கிட்டு, அந்த வருஷம் நடந்தால் போதும். மயக்கம், நெஞ்சு படபடப்பு வந்தால் உடனே உட்காரணும். வைராக்கியம் வேண்டாம்.

"ஏற்கெனவே உழைச்சுக் களைக்கிறோம், இதுல இது வேறயா?" என்று சில அக்காக்கள் கேட்பீங்க. நியாயமான கேள்வி. உங்களை வலுக்கட்டாயமா ஓடச் சொல்லல. கரையில ஒரு பாயைப் போட்டு உட்கார்ந்து கை தட்டினாலும் போதும். நம்ம பெண் பிள்ளைங்க அதைப் பார்க்கட்டும். அம்மா, அத்தை, பெரியம்மா எல்லாம் கரையில நின்னு "ஓடு ஓடு"ன்னு சொன்னா, நாளைக்கு எந்தச் சொந்தக்காரன் பேச்சு அவளைத் தடுக்கும்?

என் சின்னப் பொண்ணு இப்போ எட்டாவது படிக்கிறா. போன வாரம் பள்ளிக்கூடத்துல ஓட்டத்துக்குப் பேர் கொடுக்கட்டுமான்னு கேட்டா. கேட்கும்போதே அவ கண்ணுல பயம். அக்காவுக்கு நடந்தது அவளுக்குத் தெரியும். "கொடு, நானும் கூட வரேன்"னு சொன்னேன். மூத்தவளுக்குப் போன் பண்ணி விஷயத்தைச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசல. அப்புறம், "ஷூ நான் வாங்கித் தரேம்மா"ன்னா.

இந்தத் தீர்மானத்தை மினிட்ஸ் நோட்டில் எழுதிக் கையெழுத்துப் போடும்படி எல்லாச் சங்கங்களையும் கேட்டுக்கொள்கிறேன்.