ஆழ்துளையில் இறங்கிய கை



'ரோபோ' என்னுஞ் சொல், செக்கு மொழியில் கரேல் சாப்பெக் 1920இல் எழுதிய நாடகத்திற் பிறந்தது. கட்டாய உழைப்பு என்பது அதன் வேர்ப்பொருள். தமிழில் பொறியன் எனலாம். பொறியன் என்றதும் சப்பானே நினைவுக்கு வருகின்றது, மதுரை வருவதில்லை.

வையை வறண்டு வானமும் பொய்த்தபோது ஊர்தோறும் ஆழ்துளைக் கிணறுகள் பெருகின. நீர் வாராதவை வாய்திறந்தே கிடந்தன. மதுரை மணிகண்டனின் மூன்று அகவை மகன் 2003இல் அத்தகைய துளையொன்றில் வீழ்ந்து, நல்வாய்ப்பாக மீட்கப்பட்டான். அதன்பின் அத் தந்தை ஒரு கருவி செய்யத் தலைப்பட்டார். கயிற்றில் இறங்கும் சிறு பொறி. இருளிற் காண ஒளிப்படக் கருவி. மேலிருப்போர்க்கு ஒரு திரை. குழந்தையைப் பற்றக் கைகள். 2014 ஏப்பிரலில், சங்கரன்கோயிலை அடுத்த குத்தாலப்பேரியில், அக் கைகள் மூன்று அகவைச் சிறுவனை உயிரோடு மேலே கொணர்ந்தன.

2019 அத்தோபர் 25இல், மணப்பாறையை அடுத்த நடுக்காட்டுப்பட்டியில் இரண்டு அகவைக் குழந்தை வீழ்ந்தது. மதுரையிலிருந்தும் விரைந்தனர். 26 அடியில் நின்ற குழந்தை ஏறத்தாழ 88 அடிக்கு நழுவிற்று. கையிற் சுருக்கிட முயன்றும் பிடி நிற்கவில்லை. 29ஆம் நாள் உடலே கிடைத்தது.

பொறியைப் பழித்தல் எளிது. எந்தக் கைக்கும், துளைச் சுவருக்கும் உடலுக்கும் நடுவே புகுவதற்கு இடம் வேண்டுமன்றோ? கோடு பார்த்தோடும் வண்டி செய்து பரிசு பெறும் மாணவரே, அவ் வண்டிகள் போதும்; அந்த இடுக்கிற் புகும் கையைச் செய்ம்மின். துளையின் வாயை மூடுவதற்கோ மின்னணுவே வேண்டா. உச்ச முறைமன்றம் 2010இலேயே அதனைக் கட்டாயமாக்கிவிட்டது.