அந்தரத்தில் ஒரு புள்ளி



அம்மாவுக்கு எழுபது வயது நிறைந்தபோது வெள்ளியில் ஒரு பதக்கம் செய்து தர ஆசைப்பட்டேன். பூ வேண்டாம், மயில் வேண்டாம். 'அம்மா' என்ற சொல்லே பதக்கமாக இருக்க வேண்டும். எங்கள் தெருப் பத்தரிடம் எழுதிக் காட்டினேன். காகிதத்தைச் சற்று நேரம் பார்த்தவர், "எழுதுறது சுலபம் தம்பி. இந்தப் புள்ளி எதைப் பிடிச்சுக்கிட்டு நிக்கும்?" என்று கேட்டார்.

அதுவரை எனக்கு அது தோன்றவே இல்லை. ஏட்டில் எழுத்தைக் காகிதம் தாங்குகிறது. தகட்டை அறுத்து எழுத்தை மட்டும் எடுத்துவிட்டால் தாங்குவதற்கு என்ன இருக்கிறது? அகரம் தனி, மகரம் தனி, அடுத்த மகரம் தனி, அதன் கால் தனி. போதாததற்கு, நடு மகரத்தின் தலைக்கு மேலே எதையும் தொடாமல் ஒரு புள்ளி. ஓலையில் எழுதியவர்கள் பெரும்பாலும் புள்ளி வைக்காமலே விட்டுவிடுவார்கள். படிப்பவர் இடமறிந்து படித்துக்கொள்வார். பத்தர் அப்படி விட முடியாது. விட்டால் அம்மா 'அமமா' ஆகிவிடுவாள்.

ஒவ்வொரு மொழியின் எழுத்தும் நகை செய்பவருக்கு ஒவ்வொரு விதமான வேலை வைக்கிறது. நாகரியில் சிக்கல் குறைவு. சொல் முழுவதும் தலைக்கோட்டில் தொங்குவதால் கம்பி கூடவே வந்துவிடுகிறது. அரபியில் எழுத்துகள் பெரும்பாலும் கைகோத்துத்தான் ஓடும். ஆனால் பா, தா, ஸா மூன்றுக்கும் உடம்பு ஒன்றே. கீழே ஒரு புள்ளி, மேலே இரண்டு, மேலே மூன்று என்று புள்ளிதான் ஆளை அடையாளம் காட்டுகிறது. ஒன்று உதிர்ந்தாலும் சொல்லே மாறிப்போகும். கெய்ரோவின் நகைக் கலைஞர் அஸ்ஸா ஃபஹ்மி, ஆண்களே வேலை செய்த கான் எல் கலீலி பட்டறையில் தொழில் பழகி, அரபுக் கவிதை வரிகளைப் பொன்னிலும் வெள்ளியிலும் கோத்துப் பெயர் பெற்றவர்.

இங்கிலாந்தில் ஒரு நகை இருக்கிறது. சாமர்செட் பகுதியில் 1693ஆம் ஆண்டு மண்ணிலிருந்து கிடைத்தது. இன்று ஆக்ஸ்போர்டின் ஆஷ்மோலியன் அருங்காட்சியகத்தில் உள்ளது. நீளம் ஆறு சென்டிமீட்டர் சொச்சம்தான். நடுவில் வண்ண எனாமலில் ஓர் உருவம், அதன் மேல் பளிங்குக் கல். சுற்றுவிளிம்பில் பொன்னை ஊடறுத்துப் பழைய ஆங்கிலத்தில் ஒரு வரி: 'ஆல்பிரட் என்னைச் செய்வித்தான்.' 871 முதல் 899 வரை ஆண்ட வெசெக்ஸ் மன்னர் அவர் என்றே பெரும்பாலும் கருதுகிறார்கள். 'என்னை' என்று நகையே பேசுவது எனக்கு ஒவ்வொரு முறையும் சிலிர்ப்பைத் தருகிறது. ரோமன் எழுத்துகளும் நம்முடையவை போலத் தனித்தனியாக நிற்பவைதாம். அந்தக் கொல்லர் மேலே ஒரு விளிம்பும் கீழே ஒரு விளிம்பும் விட்டு, நடுவே எழுத்துகளைத் தூண்களாக நிறுத்திவிட்டார். அந்த எழுத்துவேலிதான் பளிங்கைச் சுற்றி நிற்கிறது.

நம் பொற்கொல்லர்களுக்கும் எழுத்துக்கும் பழக்கம் நெடுநாளையது. தாய்லாந்தின் கிராபி மாகாணத்தில் குவான் லுக் பட் என்ற இடத்தில் ஓர் உரைகல் கிடைத்திருக்கிறது. கி.பி. 3 அல்லது 4ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. அதில் தமிழி எழுத்தில் 'பெரும்பதன் கல்' என்று வெட்டியிருக்கிறது. பெரும்பத்தன் என்ற பொற்கொல்லரின் கல் என்று அறிஞர்கள் பொருள் சொல்கிறார்கள். கடல் தாண்டிப் பிழைக்கப் போன மனிதர், கையில் எடுத்துப் போன கல்லில் தன் பெயரை வெட்டி வைத்திருக்கிறார்.

எங்கள் பத்தர் நான்கு நாள் கழித்து வரச் சொன்னார். எழுத்துகளைத் தகட்டில் ஒட்டி, மயிரிழை ரம்பத்தால் அறுத்து, அரம் போட்டு வைத்திருந்தார். அடியில் ஒரு மெல்லிய கம்பி, மேலே ஒரு கம்பி. இரண்டுக்கும் நடுவே எழுத்துகள். புள்ளியை மட்டும் நான் பார்ப்பதற்காக விட்டு வைத்திருந்தார். கரித்துண்டில் ஒரு துணுக்கு வெள்ளியை வைத்து ஊதினார். அது சிவந்து, கலங்கி, திடீரென்று தானாகவே உருண்டு மணியாகிவிட்டது. மேல்கம்பியின் அடியில் வெங்காரம் தடவி, சாமணத்தால் மணியை வைத்து, பொடி வைத்து ஊதினார். மணி பிடித்துக்கொண்டது. மகரத்தைத் தொடவில்லை, கம்பியிலிருந்து பனித்துளி போலத் தொங்கியது.

அம்மாவுக்கு இப்போது கண் மங்கல். பதக்கத்தைக் கையில் வாங்கி விரலால் தடவிப் பார்த்தார். "புள்ளி இருக்கே" என்றார்.